கயிறு கொடுக்காமல் விற்ற கார்

தண்டபாணி கார் வாங்கி வந்த அன்று, நான்கு சக்கரங்களுக்கும் அடியில் வைத்த எலுமிச்சம்பழங்களில் ஒன்றுகூட நசுங்கவில்லை. பிள்ளையார் கோயில் வாசலில் பூசணிக்காய் சுற்றி உடைத்து, கற்பூரம் காட்டி, மாலை போட்டு, "எடுங்க தண்டபாணி, நல்ல நேரம் முடியப் போவுது" என்று பூசாரி சொன்னதும் அவன் வண்டியை மெல்ல முன்னால் நகர்த்தினான். சீமையில் செய்து கப்பலில் வந்த கார் அது. பித்தளை விளக்கும் அகன்ற படிக்கட்டுமாக, படுத்து எழுந்த எருமையைப் போல் கறுப்பாக நின்ற கார். அது பழங்களின் மேல் ஏறியது, இறங்கியது, சொட்டுச் சாறும் சிந்தாமல் அப்பால் போய் நின்றது. பூசாரி குனிந்து பழங்களைப் பொறுக்கினார், துண்டில் துடைத்தார், "நல்ல பழம், ஊறுகாய்க்கு ஆகும்" என்று மடியில் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

தண்டபாணி செம்பாறைப்புதூரில் கல்யாண வீடுகளுக்குப் பந்தலும் சீரியல் விளக்கும் ரேடியோ செட்டும் வாடகைக்கு விடுகிறவன். மாப்பிள்ளை அழைப்புக்கு இப்படி ஒரு பழைய கார் இருந்தால் சுற்றுப்பட்ட ஊர்களெல்லாம் தன்னைத்தான் தேடி வரும் என்று நினைத்து, புரோக்கர் ஆறுச்சாமியின் வாய்ச்சாலகத்தில் மயங்கி அதை வாங்கினான். எலுமிச்சம்பழம் நசுங்காதது அவனுக்குக் கொஞ்சம் உறுத்தியது. ஆனால் கல்யாண மாதம் தொடங்கிவிட்டதால் உறுத்தலைத் தள்ளி வைத்தான்.

ஊர் அந்தக் காரைக் கோலத்தில்தான் முதலில் புரிந்துகொண்டது. வாசலில் போட்ட கோலத்தின் மேல் எவன் வண்டி ஏற்றினாலும் அவனுடைய ஏழு தலைமுறையையும் இழுத்து வைது அனுப்புகிற பெண்கள், தண்டபாணியின் கார் ஏறிப் போன பிறகு பார்த்தால் ஒரு புள்ளிகூடக் கலையாமல் இருப்பதைக் கண்டார்கள். அப்புறம், சேலை விரித்துக் காயப் போட்டிருந்த வடகத்தின் மேல் அது போனது, ஒரு வடகமும் உடையவில்லை. மழை பெய்த மறுநாள் மண் ரோட்டில் மாட்டுத்தடம் இருந்தது, கோழித்தடம் இருந்தது, காரின் தடம் மட்டும் இல்லை. டீக்கடையில் அதைப் பற்றிப் பேசினார்கள். "கனமில்லாத வண்டியப்பா, பெட்ரோல் மிச்சம்" என்றார் ஒருவர். "ரோட்டுக்கும் நல்லதுதான்" என்றார் இன்னொருவர். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச ஒன்றும் இருக்கவில்லை. அன்று தக்காளி விலை விழுந்திருந்தது, அதைப் பேச வேண்டியிருந்தது.

காரில் போகிறவர்களுக்கும் கனம் குறைகிறது என்பது தெரிய வந்தபோது ஊர் அதையும் வரவாகவே எடுத்துக்கொண்டது. தேங்காய் பறிக்கும் குருநாதன் காலையில் காரில் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து, ஏணியில் ஏறுவது போல மரத்தில் ஏறினான். முட்டிவலிக்காரர்கள் டீக்கு முன்னால் ஒரு நடை, டீக்குப் பின்னால் ஒரு நடை என்று வந்து பின் சீட்டில் உட்கார்ந்தார்கள். இறங்கும்போது குச்சியை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தார்கள். தண்ணீர்க் குடம் சுமக்கிற பெண்கள், வயல் வேலைக்குப் போகிறவர்கள், கல்யாணத்தில் நின்று கால் கடுத்தவர்கள் என்று தெருவே அந்தக் காரில் ஏறி இறங்கியது. கல்யாணப் பெண்கள் மணவறைக்கு வரும்போது பாதம் தரையில் படுகிறதா இல்லையா என்று தெரியாமல் வந்தார்கள், பார்த்தவர்கள் மகாலட்சுமி போல் இருக்கிறாள் என்றார்கள். தண்டபாணியின் செருப்பு தேய்வதை நிறுத்தியது. அவனும் முதலில் சிரித்துக்கொண்டுதான் இருந்தான்.

அவன் சிரிப்பு நின்றது ஆரம்ப சுகாதார நிலையத்தில். அவன் மனைவி துளசிமணிக்கு இது தலைப்பிரசவம். தாய் வீடு என்று சொல்ல யாரும் இல்லாதவள் என்பதால் அவனே மாதம் தவறாமல் அவளைக் காரில் வைத்துச் சோதனைக்கு அழைத்துப் போவான். மற்ற நாட்களில் அவள் ஆசைப்பட்ட இடத்துக்கெல்லாம், கோயிலுக்கு, அணைக்கு, மாங்காய் வாங்கச் சந்தைக்கு, காரில்தான் போனாள். ஊரில் அந்தக் காரில் அதிகம் உட்கார்ந்தவள் அவள்தான். அன்று அவள் எடை மெஷினில் ஏறி நின்றாள், முள் நகரவில்லை. நர்ஸம்மா மெஷினைத் தட்டிப் பார்த்தாள், தானே ஏறி நின்று பார்த்தாள், மறுபடி துளசிமணியை ஏற்றினாள். முள் நகரவில்லை. வயிற்றில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "துடிப்பு நல்லா இருக்குதுங்க. கனந்தான் இல்ல" என்றாள்.

"கொழந்தைக்குங்களா, இவளுக்குங்களா?" என்று தண்டபாணி கேட்டான்.

"ரெண்டு பேருக்குந்தான். ஏனுங், ஆடியிலதான பிரசவம்? ஆடிக் காத்துல அம்மியே பறக்கும்பாங்க. பாத்துக்குங்க" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அவள் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

செம்பாறைப்புதூர், பாலக்காட்டுக் கணவாயில் நுழைகிற மேற்குக் காற்று நேராக வந்து மோதுகிற ஊர். ஊரைச் சுற்றிக் காற்றாலைகள் நிற்கின்றன. ஆனி பிறந்ததும் அவை சோம்பல் முறிக்கும், ஆடியில் அவை போடுகிற சத்தத்தில் பக்கத்து வீட்டுச் சண்டைகூடக் காதில் விழாது. அந்த ஊரில் கனமில்லாத ஒரு பிள்ளை ஆடியில் பிறக்கப் போகிறது. அது அழுவதற்கு வாயைத் திறந்ததும் கதவு திறந்தால் என்ன ஆகும், ஜன்னல் திறந்தால் என்ன ஆகும் என்று தண்டபாணி யோசித்தான். யோசிக்க யோசிக்க, வீட்டில் எத்தனை ஓட்டைகள் இருக்கின்றன என்பது அவனுக்கு முதல் முறையாகத் தெரிந்தது. ஓட்டுச் சந்துகளில் சாக்கைத் திணித்தான். துளசிமணி குழவிக்கல்லை மடியில் கட்டிக்கொண்டு நடந்தாள். தெருப் பெண்கள் அதைப் பார்த்து ஆளுக்கொரு கல்லைக் கட்டிக்கொண்டார்கள். யாருடைய கல் வழவழப்பு என்று பேச்சு வந்தது. காரை அவன் கொட்டகையில் பூட்டி வைத்தான். பூட்டினாலும் போன கனம் திரும்பவில்லை.

அவன் புரோக்கர் ஆறுச்சாமியைப் பிடித்தான். "இந்தக் காரை இதுக்கு முன்னாடி யாரு வெச்சிருந்தாங்க? அவங்களுக்கு முன்னாடி யாரு?"

"நதிமூலம் ரிஷிமூலம் பாக்கக் கூடாதுன்னு சொல்லுவாங்க. பழைய காரையும் அதுல சேத்துக்குங்" என்றார் ஆறுச்சாமி, வெற்றிலையை மடித்தபடி.

"என்ற பொண்டாட்டி முள்ளு நகராம நிக்கறா. நீங்க பழமொழி சொல்றீங்க."

ஆறுச்சாமி அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு, விற்றவர் தாராபுரத்துப் பக்கம் அரிசி மில் வைத்திருக்கும் நாட்ராயன் என்று சொன்னார்.

தண்டபாணி பஸ்ஸில் போனான். நாட்ராயன் மில் நடுவில், நாற்காலி நெளியும்படி, நன்றாகக் கனத்து உட்கார்ந்திருந்தார். கார் என்ற சொல்லைக் கேட்டதுமே அவர் எழுந்து அவனை நெல் மூட்டைகளுக்குப் பின்னால் கூட்டிப் போனார். அங்கே சிமெண்ட்டுத் தரை கிண்ணம் போலக் குழிந்து கிடந்தது. குழியின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி, டிரைவர் பின்னால் பார்க்கிற கண்ணாடி, மல்லாந்து கிடந்தது.

"என்ற வண்டிக் கண்ணாடி. தூக்குங் பாக்கலாம்" என்றார் நாட்ராயன்.

தண்டபாணி குனிந்து தூக்கிப் பார்த்தான். அசையவில்லை. கண்ணாடிக்குள் அவன் முகம் சிவந்து வியர்த்தது.

"அஞ்சு லோடுமேன் கடப்பாரை போட்டுப் பாத்தாங்க. ஆகல. செவுத்தையே அதைச் சுத்திக் கட்டிட்டோம்" என்று நாட்ராயன் சொன்னார். "மாட்ட விக்கறவன் கவுத்தக் குடுப்பானுங்களா? கவுத்தக் குடுத்தா அது கூடவே வீட்டு லட்சுமியும் போயிரும். அது மாதிரிதான். எங்க வீட்லயும் எல்லாரும் லேசாயிட்டோம். என்ற அம்மாவை ஒரு நாள் வேப்ப மரத்துல இருந்து எறக்குனோம். சரி, வண்டி ஆகாதுன்னு விக்கறப்ப, மாட்டுக்குக் கவுறு மாதிரி இதைக் கழட்டி வெச்சுக்கிட்டேன். வண்டி வாசலத் தாண்டுச்சு, வீட்டுக் கனம் அத்தனையும் திரும்பி வந்துருச்சு. எச்சாவே வந்துருச்சு."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே."

நாட்ராயன் மோட்டுவளையைப் பார்த்தார். "எனக்கு வித்தவங்களும் சொல்லலீங்களே. கோவிச்சுக்காதீங்க. நீங்களும் ஒண்ணக் கழட்டி வெச்சுக்கிட்டு வித்துருங்க. எல்லாருக்கும் அதான் வழி."

எல்லாருக்கும் என்றால், வாங்குகிறவனுக்கு? தண்டபாணி அதை வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்று பயமாக இருந்தது. கனம் காரை விட்டு எங்கே, யாரிடம் முதலில் போனதோ அங்கே போய் அதைத் திரும்பக் கேட்டு வாங்கிவிட்டால், யாரையும் ஏமாற்றாமல் எல்லாம் சரியாகிவிடும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். நாட்ராயனுக்கு விற்றவர் ஆனைமலையில் இருந்தார். அங்கே போனான்.

அவர் லில்லி டீச்சர். பள்ளிக்கூடத்தில் இருந்து ஓய்வு பெற்றுத் தன் தம்பி டேனியலோடு ஓட்டு வீட்டில் இருந்தார். டேனியல்தான் அந்த நாளில் அக்காவை வைத்துக் கார் ஓட்டியவர். கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். அவர் இடுப்பில் இருந்து ஒரு கயிறு போனது, கயிற்றின் மறுமுனையில் தரையைப் பிளந்துகொண்டு, காரின் ஊதுகுழல் ஹாரனில் அழுத்துகிற ரப்பர்க் குமிழ் ஒன்று கிடந்தது. வீட்டில் எல்லா ஜன்னல்களுக்கும் பலகை அறைந்திருந்தது.

"எனக்குக் கனம் திரும்ப வந்துடுச்சு, தம்பி. இவனுக்கு முழுசா வரலை. ரொம்ப வருஷம் ஓட்டினவன் பாருங்க" என்றார் டீச்சர். காப்பி கொடுத்தார். தண்டபாணி துளசிமணியின் நிலையைச் சொல்லி, அந்தக் குமிழைக் கேட்கத் தொடங்குவதற்கு முன்பே அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "கேட்டுடாதீங்க. நீங்க கேட்டா நான் இல்லைன்னு சொல்லணும். புள்ளத்தாச்சிக்கு இல்லைன்னு சொன்ன பாவம் எனக்கு வேணாம்."

கட்டிலில் இருந்து டேனியல் சொன்னார்: "அக்கா, அவர் கேட்கட்டுமே. குடுத்துடலாம். நான் போய் எங்கேயாவது மாட்டிக்கறேன்."

"வாயை மூடுடா. மாட்டிக்கறானாம், காத்தாடி" என்றார் டீச்சர். சொல்லிவிட்டு, பலகை அறைந்த ஜன்னல் நன்றாக மூடியிருக்கிறதா என்று எழுந்து போய்த் தள்ளிப் பார்த்தார்.

தண்டபாணி கேட்கவில்லை. டீச்சருக்கு முன்னால் காரை வைத்திருந்தது யார் என்று மட்டும் கேட்டான். கப்பலில் இருந்து இறக்கியதே அவர்தான் என்று சொல்லி, கோதைகுளத்துப் பண்ணையார் ஒருவர் பெயரை டீச்சர் சொன்னார்.

கோதைகுளத்தில் பண்ணையாரும் இல்லை, பண்ணையும் இல்லை. ஏரிக்கரையில் ஒரு மதகு இருந்தது. அந்த இடத்தில், காரை முன்னால் நின்று சுற்றிக் கிளப்புகிற இரும்புக் கைப்பிடி ஒன்று கரையில் பாதி புதைந்து நின்றது. அதற்கு மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, செவ்வரளி மாலை போட்டிருந்தார்கள். மதகு திறக்கும் காவலாளி கதையைச் சொன்னார். நொடித்துப்போய்க் காரை விற்ற அன்று பண்ணையார் கரையில் நின்று அழுதாராம், வாங்கினவன் ஓட்டிக்கொண்டு போன பிறகு இந்தக் கைப்பிடியை மட்டும் கையில் வைத்திருந்தாராம், "கார்தான் போச்சு, இதை நான் விக்கல" என்று கரையில் குத்திவிட்டுப் போனாராம். அது வரைக்கும் வருஷா வருஷம் உடைந்த கரை அதற்கப்புறம் உடையவில்லையாம்.

"இதை எடுத்தா?" என்று தண்டபாணி கேட்டான்.

காவலாளி கரைக்குக் கீழே தெரிந்த ஊரைக் காட்டினார். ஓட்டு வீடுகள், ஒரு பாலர் பள்ளி, துணி காய்கிற கொடிகள். "எடுக்க முடியாதுங்க, சாமி. முடிஞ்சாலும் எடுக்க மாட்டீங்க" என்றார்.

தண்டபாணி ஊர் திரும்பியபோது ஆடி பிறந்துவிட்டது. காற்றாலைகள் ஒன்று விடாமல் சுற்றின. தெருவில் கல் கட்ட மறந்த ஒரு பெரியவர் கொடிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு தோரணம் மாதிரி ஆடிக்கொண்டிருந்தார். போகிற வருகிறவர்கள் அவரை இறக்கிவிட்டு வெற்றிலை கேட்டார்கள். துளசிமணி கட்டிலோடு தன்னைச் சேலையால் கட்டிக்கொண்டு படுத்திருந்தாள். அவள் வயிற்றுக்குள் பிள்ளை உதைத்தபோது வயிறு மேலே எழும்பியது, அவள் அதை இரண்டு கையாலும் கீழே அழுத்திக்கொண்டாள்.

"திரும்ப வாங்க முடியாதா?" என்று கேட்டாள்.

"யாருகிட்டயும் எடுக்கற மாதிரி இல்ல, புள்ள" என்றான். நாட்ராயன் சொன்ன வழியையும் சொன்னான். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவனும் அந்த மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான். அப்படி எடுத்துக்கொள்ள அவனுக்கு வசதியாக இருந்தது.

ஆறுச்சாமி ஆள் கொண்டுவந்தார். வந்தவர் கிழக்கு ரோட்டில் நர்சரிப் பள்ளி நடத்துகிற கரஸ்பாண்டெண்ட் மனோகரன். பழைய காரில் குழந்தைகளை உட்கார வைத்து ஊரைச் சுற்றினால் அடுத்த வருஷம் பிள்ளைகள் வந்து குவியும் என்பது அவர் கணக்கு. மத்தியானம் வெற்றிலைத் தட்டு மாற்றினார்கள். மாற்றுவதற்கு முன்னால் தண்டபாணி காரின் மூக்கில் இருந்த பித்தளை ரேடியேட்டர் மூடியைத் திருகி எடுத்து, "இது மட்டும் எனக்கு வேணுங்" என்றான்.

மனோகரன் சிரித்தார். "கவுத்தக் குடுக்க மாட்டீங்க. தெரியும், நானும் மாடு வெச்சிருந்த பண்ணாடிக் குடும்பந்தானுங். வேற மூடி போட்டுக்கறேன்."

கார் வாசலைத் தாண்டியதும் மூடி அவன் கையில் கனக்கத் தொடங்கியது. கட்டில் வரை கொண்டுபோவதற்குள் தோள் இறங்கியது. கீழே வைத்தான், தரை நொறுங்கி உள்வாங்கியது. அதே நேரத்தில் கட்டில் கிறீச்சிட்டது. துளசிமணி "அய்யோ, காலு வலிக்குதுங்க! இடுப்பு வலிக்குதுங்க!" என்றாள், சிரித்துக்கொண்டே அழுதாள். தெரு நெடுகத் தொம் தொம்மென்று ஆட்கள் விழுந்து உட்காரும் சத்தம் கேட்டது. "எவன்டா என்ற முட்டிவலியத் திரும்பக் கொண்டாந்தது?" என்று ஒருவர் கத்தினார். பாதி மரத்தில் கனம் வந்து சேர்ந்த குருநாதன், மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு குலதெய்வத்தைக் கூப்பிட்டான்.

பிறகு, காற்றோடு ஒரு பாட்டுச் சத்தம் வந்தது. சின்னக் குரல்கள், பல குரல்கள்.

"என்ன சத்தங்க அது?" என்று துளசிமணி கேட்டாள்.

"பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க. வேன்ல கூட்டியாந்திருக்காரு."

"இப்ப எதுல போறாங்க?"

அவன் ஜன்னல் கொக்கியைச் சரி செய்தான்.

"ஏனுங், உங்களத்தான் கேக்கறேன். எதுல போறாங்க?"

அவள் கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். நெற்றியில் வியர்வை முளைத்தது. வலி தொடங்கிவிட்டது என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது.

"இத்தன கனம் சும்மா வருமா. வித்தீங்க, சரி. நானும் வாயத் தொறக்கல, அதுவும் என்ற தப்புத்தான். இப்பச் சொல்றேன், போங்க" என்றாள்.

"வலி வந்திருக்கறப்ப உன்னைய விட்டுட்டு எங்கடி போறது?"

"எங்கன்னு உங்களுக்குத் தெரியும். நர்ஸம்மாவுக்குச் சொல்லி அனுப்பிட்டுப் போங்க. பெத்துக்கறது என்ற சோலி. அது உங்க சோலி."

அவன் ஓடினான். கனத்தோடு ஓடுவது அவனுக்கு மறந்துபோயிருந்தது. ஒவ்வொரு அடியும் தரையில் இருந்து பிடுங்கி எடுக்க வேண்டியிருந்தது. மேற்குக் காற்று முதுகைத் தள்ளியது, புளிய மரங்கள் தலைவிரித்து ஆடின, அவன் வாய்க்குள் மண் போனது. காரைத் திரும்ப எடுத்தால் வீட்டில் அவள் கட்டிலை விட்டு எழும்பிவிடுவாளோ என்று நினைத்தான், எடுக்காவிட்டால் அந்தப் பிள்ளைகளுக்கு என்ன ஆகுமோ என்று நினைத்தான், இரண்டு நினைப்புக்கும் நடுவில் ஓடினான்.

பள்ளி மைதானத்தில் கார் வகுப்பு வகுப்பாகப் பிள்ளைகளை ஏற்றிச் சுற்றி முடித்திருந்தது. பெரியவர்களுக்குக் கனம் சுற்றுக்குச் சுற்று கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போனது; சின்ன உடம்புகளில் போவதற்கு இருந்ததே கொஞ்சம்தான். பிள்ளைகள் குதித்துக் குதித்து விளையாடினார்கள், குதித்தவர்கள் இறங்குவதற்கு நேரமானது, அதைப் பார்த்து அவர்கள் கெக்கலி கொட்டிச் சிரித்தார்கள். ஒரு பெண் குழந்தை கொடிக்கம்பத்தின் பக்கத்தில் ஆளுயரத்துக்கு மேலே மிதந்தது. ஆயாம்மா அதன் கவுன் நுனியைப் பிடித்துக்கொண்டு, "எறங்குடி கண்ணு, எறங்குடி" என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

தண்டபாணி முதலில் எட்டி அந்தக் குழந்தையை இழுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டான். பிறகு மனோகரனிடம், "தாம்பூலத்தத் திருப்பிக் குடுத்தர்றேன். காரை நானே எடுத்துக்கறேன்" என்றான்.

"விளையாடறீங்களா? புள்ளைங்க எப்படிச் சிரிக்குது பாருங்க" என்றார் மனோகரன். எல்லாச் சுற்றிலும் காரை ஓட்டியவர் அவர்தான்; அவர் காலும் தரையில் இருந்து ஒரு சாண் மேலே இருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

பிள்ளைகளை அழைத்துப் போகத் தாய்மார்கள் வந்து சேரும் நேரம் அது. கோழிப்பண்ணையில் வேலை செய்கிற ரங்கம்மா என்பவள் முதலில் வந்தாள். ஓடிவந்த மகனை வழக்கம் போல வாரித் தூக்கினாள். தூக்கியவள் அப்படியே நின்றாள். இடுப்பு மாற்றி வைத்துப் பார்த்தாள். மறுபடி மாற்றி வைத்தாள்.

"என்ற புள்ள கனம் எங்க?" என்றாள்.

தண்டபாணிதான் சொன்னான். எலுமிச்சம்பழத்தில் தொடங்கி ரேடியேட்டர் மூடி வரைக்கும், நாட்ராயன், லில்லி டீச்சர், ஏரிக்கரை என்று ஒன்றும் விடாமல் சொன்னான். அவன் சொல்லச் சொல்ல மற்ற தாய்மார்களும் வந்து, தங்கள் பிள்ளைகளைத் தூக்கிப் பார்த்து, தூக்கியபடியே நின்று கேட்டார்கள். "என்ற வீட்ல இப்ப வலியில கெடக்கறா. அவதான் அனுப்புனா. வண்டிய நான் திரும்ப எடுத்துக்கறேனுங்க. உங்க புள்ளைங்க கனம் உங்களுக்கு வந்துரும்" என்று முடித்தான்.

"உன்ற புள்ளைக்கு?" என்று ரங்கம்மா கேட்டாள்.

அவன் அக்குளில் இருந்த குழந்தையை இறுக்கிக்கொண்டான்.

ரங்கம்மா அவனைக் கொஞ்ச நேரம் உறுத்துப் பார்த்தாள். "வித்ததுக்கு உன்னையச் செருப்பால அடிக்கோணும். அதை அப்புறம் அடிக்கறேன்" என்றாள். மகனை இடது கையில் இடுக்கிக்கொண்டு காரின் பக்கம் போனாள். வலது கையால் முன் விளக்கைப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கினாள். அது கையோடு வந்தது. "கவுத்த வெச்சுக்கறவனுக்குத்தான கனம்? எனக்கு ஒரு கவுறு ஆச்சு. நீங்களும் எடுத்துக்குங்கடி!"

"என்ற கார்!" என்று மனோகரன் அலறினார்.

"உங்க கார்ல ஏறுனது எங்க புள்ளைங்க" என்றாள் ஒருத்தி, கதவைப் பிடித்து இழுத்துக்கொண்டே.

வேன் டிரைவர் ஸ்பேனர்ப் பையைக் கொண்டுவந்து கொட்டினார். கதவுகள் போயின, விளக்குகள் போயின, சக்கரங்கள் போயின. சீட்டைப் பிய்த்து ஸ்பிரிங் ஸ்பிரிங்காகப் பங்கு போட்டார்கள். ஆயாம்மா தன் பேத்திக்கென்று வைப்பர் குச்சியை எடுத்து இடுப்பில் செருகினாள். தன் கால் தரையில் படவில்லை என்று அப்போதுதான் கண்டுகொண்ட மனோகரன், பேசாமல் ஸ்டீரிங்கைக் கழற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். கடைசி ஆணியும் கழன்றபோது, எவருக்கும் வேண்டாத எலும்புக்கூடு மட்டும் மைதானத்தில் நின்றது. காற்று ஒரு முறை அதன் விலாவுக்குள் புகுந்து வெளியே வந்தது. பிறகு அது எழும்பியது. கொடிக்கம்பத்துக்கு மேலே, புளிய மரங்களுக்கு மேலே, சுற்றுகிற காற்றாலைகளுக்கு மேலே, அவசரமில்லாமல் உருண்டு உருண்டு கிழக்கே போனது. தாய்மார்கள் அண்ணாந்து பார்த்தார்கள். தங்கள் இடுப்பில் பிள்ளைகள் கனக்கத் தொடங்கியதை உணர்ந்தவர்கள், அதற்கப்புறமும் பிடியைத் தளர்த்தவில்லை. கையில் இருந்த விளக்கும் கதவும் கனத்துக் கனத்துக் கீழே இறங்கின. வீட்டுக்குத் தூக்கிப் போகும் வழியில் அவை விழுந்த இடங்களில் எல்லாம் இன்றும் ரோடு வளைந்து போகிறது.

தண்டபாணி வீட்டு வாசலை மிதித்தபோது உள்ளே அழுகுரல் கேட்டது. குரல் எங்கிருந்து வருகிறது, கீழிருந்தா மேலிருந்தா என்று கேட்க அவன் நின்றான்.

நர்ஸம்மா துணித் தூளியில் பிள்ளையை வைத்துத் தராசுக் கொக்கியில் மாட்டினாள். முள் இறங்கியது. இறங்கி, ஆடி, ஓர் இடத்தில் நின்றது. "பொம்பளப் புள்ள. நல்ல கனம்" என்று அவள் சொன்னாள். துளசிமணி கண்ணை மூடியபடி, "அங்க?" என்றாள். "எல்லாம் கீழதான் இருக்குதுங்க புள்ளைங்க" என்றான் அவன். அவள் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

பிள்ளையை அவன் வாங்கிக்கொண்டான். வாசலுக்கு வந்து நின்றான். பொழுது இருந்தது, கிழக்கே வானம் கழுவி விட்டது போல் ஒன்றுமில்லாமல் கிடந்தது. அங்கே எந்த ஊரின் மேல் அது இறங்கியிருக்கும்? எந்தக் களத்தில், எந்தத் தோட்டத்தில், யார் அதை முதலில் பார்த்திருப்பார்கள்? யாரோ ஒருவர் இந்நேரம் அதைச் சுற்றிச் சுற்றி வந்து, ஒரு விரலால் தூக்கிப் பார்த்து, வீட்டுப் பக்கம் திரும்பி, "பசங்களா, இங்க ஓடியாந்து பாருங்க" என்று கூப்பிட்டுக்கொண்டிருப்பார்.

தண்டபாணியின் கை கடுத்தது. "செத்த நேரம் தொட்டில்ல போடுங்க, கை வலிக்கும்" என்று உள்ளே இருந்து நர்ஸம்மா சொன்னாள். அவன் பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டான். கீழே விடவில்லை.